செட்டிநாட்டு வீட்டை மரபு விடுதியாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை என்று செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் நகரத்தார் வீடுகளைத் திறந்து, பத்துப் பன்னிரண்டு அறை கொண்ட விடுதியாக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வீட்டைக் கட்டியவர்கள் தண்ணீரையும் அடுப்பையும் வீட்டின் கடைசிப் பகுதியான பின்கட்டுக்குத் தள்ளி வைத்தார்கள். முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் காய்ந்தே இருக்கும்படி அமைத்தார்கள். விடுதிக்கோ அறைக்கு அறை தண்ணீர் வேண்டும். பழுது பார்க்கும்போது வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த முரண்பாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. கீழே உள்ள பதில்களில் தண்ணீர் அடிக்கடி தலைகாட்டுவதற்கும் அதுவே காரணம்.

எங்கள் வீடு விடுதிக்கு ஆகுமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். ஓட்டுக் கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் மூலைத் தகரம், முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம், மாடித் தளத்தின் நீர் வெளியேறும் துவாரங்கள், சுவரின் அடிப்பாகத்தில் மூன்றடி உயரம் ஆகிய நான்கு இடங்களையும் பார்த்துவிட்டால் வீட்டின் பாதிக் கதை புரிந்துவிடும். மேலே ஈரம் என்றால் கூரைக் கோளாறு. கீழே ஈரம் என்றால் தரையிலிருந்து ஏறும் நீர், அல்லது பக்கத்துச் சந்தில் தேங்கும் நீர்.

விரிசல்களைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம், உடனே பூசி மறைக்கவும் வேண்டாம். விரிசலின் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பிறகும் கண்ணாடி முழுசாக இருந்தால் அது பழைய விரிசல், சுண்ணாம்புச் சாந்து இறக்கி மூடினால் போதும். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் மேற்கொண்டு ஒரு காசு செலவழிக்கக் கூடாது.

இதோடு முழு அளவு வரைபடமும், ஒவ்வொரு அறையின் நான்கு சுவர், தரை, மேல்தளப் படங்களும் எடுத்து வைத்துவிடுங்கள். வேலை தொடங்கிய பின் "இந்தக் கதவு எந்த நிலையில் இருந்தது" என்ற கேள்விக்கு அந்தப் படங்கள் மட்டுமே பதில் சொல்லும்.

வீட்டுக்கு இருபது பங்காளிகள். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமா?

ஆம். பாகம் பிரிக்காத சொத்தில் ஒரு பங்குக்காரர் விடுபட்டாலும், அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு வேலையை நிறுத்தி வைக்க முடியும். வில்லங்கச் சான்று, பட்டா, இறந்தவர்களுக்கான வாரிசுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து, யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு வம்சாவளி அட்டவணை போட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். பலர் தவறவிடும் தேதி இது.

வீட்டை விற்காமல் குத்தகைக்கு விடுவதே செட்டிநாட்டில் பெரும்பாலும் ஒத்துவருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். முதலீட்டைத் திரும்ப எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால் விடுதி நடத்துபவர் கூரைக்குச் செலவு செய்யாமல் மெத்தைக்கும் விளக்குக்கும் மட்டும் செலவழிப்பார். எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதுங்கள்.

சாமி அறை, படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் ஆகியவற்றுக்காகக் குடும்பம் ஆண்டில் எத்தனை நாள் வீட்டுக்கு வரும், அந்த நாட்களில் எந்தக் கட்டு அவர்களுக்கு, எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சில் விட்ட வீடுகளில் சண்டை வருவது இங்கேதான்.

என்னென்ன அனுமதி தேவை?

குடியிருப்பை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற ஊரின் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும். தீயணைப்புத் துறையின் சான்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை இணையவழியில் பதிவு செய்ய வேண்டும்.

வீடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தனிக் கணக்கு. உதாரணம் திருமயம் கோட்டை. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்கு முன்அனுமதி வேண்டும். பழுது பார்ப்பதற்கும் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

சுற்றுலா அமைச்சகத்தின் மரபு விடுதித் தகுதி பெற விரும்பினால், கட்டடம் 1950-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டின் வயதை நிரூபிக்கப் பழைய பத்திரம், வரி ரசீது, நிலைக்கதவிலோ முகப்பிலோ பொறித்த ஆண்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியல் தனி வீட்டுக்காரரை எதையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. ஆகவே வீட்டைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

வேலையை எந்த மாதம், எந்த வரிசையில் தொடங்குவது?

கூரை, நீர் வடிகால், சுவர், குழாயும் மின்சாரமும், தரை, மரவேலை, வண்ணம். இந்த வரிசை மாறக் கூடாது. தை, மாசியில் கூரையைப் பிரித்தால் ஆவணி பிறப்பதற்குள் மூடிவிடலாம். ஐப்பசி அடைமழையில் திறந்த கூரையோடு நின்றால், நூறு வருடம் தாங்கிய சுவர் ஒரே மாதத்தில் ஊறிப்போகும். சுண்ணாம்புப் பூச்சுக்குச் சித்திரை, வைகாசி வெயில் ஆகாது. வெளிச்சுவர்ப் பூச்சை மழை ஓய்ந்த மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் அடியில் உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிட்டால் என்ன?

செய்யவே கூடாத காரியம் இது. இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய கனத்த சுவர். தரையிலிருந்து ஈரம் ஏறும், பூச்சு வழியே ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றடி உயரத்தில் இருந்த ஈரம் ஐந்தடிக்குப் போகிறது. நீரில் கரைந்துள்ள உப்பு சிமெண்டுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே நெட்டித் தள்ளுகிறது. இரண்டு மூன்று வருடத்தில் சிமெண்ட் பலகை போலப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் ஒரு விரற்கடை அளவையும் சேர்த்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும், "வாட்டர் புரூஃப்" பூச்சுகளும் இதே கெடுதலைச் சற்று மெதுவாகச் செய்கின்றன.

முதலில் ஈரம் வரும் வழியைத் திருத்துங்கள். பக்கத்துச் சந்தில் யாராவது சிமெண்ட் தளம் போட்டு மூடியிருப்பார்கள். மழைநீர் அதில் வழிந்து சுவரோடு நிற்கும். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு அந்தத் தளத்தை உடைத்தெடுத்து, ஓரடி ஆழம் தோண்டி, கருங்கல் ஜல்லி நிரப்பி, வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். தோண்டும்போது அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது. தெருவில் தார் மேல் தார் போட்டு மட்டம் உயர்ந்து, நீர் வாசலுக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, பழைய சிமெண்ட் பூச்சைச் சின்ன உளியால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். டிரில் வைத்து உடைத்தால் செங்கல் போய்விடும். சுவரைப் பல மாதம் திறந்தே காயவிடுங்கள். மேலே பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, தரையில் விழாமல் அள்ளி வெளியே கொண்டுபோங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். உப்பு அதிகமென்றால் நனைத்த காகிதக் கூழை அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுக்கலாம். உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

சுண்ணாம்புக் காரையை எப்படித் தயாரிப்பது? என்ன அளவு?

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, தொட்டியில் நான்கு விரல் தண்ணீர் மேலே நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊறவிடுங்கள். நாள் ஆக ஆக நல்லது. விரலிடுக்கில் தேய்த்தால் வெண்ணெய் போல வழுக்க வேண்டும். நெருடினால் நீறாத கட்டி இருக்கிறது. அது பூசி முடித்த பிறகு சுவரில் நீறி, பொட்டுப் பொட்டாக வெடித்து உதிரும்.

மணலில் உப்பும் வண்டலும் கூடாது. கண்ணாடி ஜாடியில் மணலும் உப்புநீரும் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலின் மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும்.

அடிப்பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு மணல், கனம் 10 முதல் 12 மி.மீ. இரண்டாம் பூச்சு ஒன்றுக்கு இரண்டு, சன்ன மணல், 6 முதல் 8 மி.மீ. மேல்பூச்சு ஒன்றுக்கு ஒன்று, சலித்த வெள்ளைக்கல் தூள், 2 முதல் 3 மி.மீ. ஈரம் ஏறும் அடிச்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு மணல் என்று கலந்தால் ஈரத்திலும் இறுகும். 10 சதுர மீட்டர் சுவருக்கு 12 மி.மீ. அடிப்பூச்சு என்றால் 120 லிட்டர் மணல், 40 லிட்டர் விழுது. விழுது மணலின் இடுக்குகளில் அடங்கிவிடும் என்பதால் இரண்டையும் கூட்டிக் கணக்கிட வேண்டாம். சேதாரத்துக்குப் பதினைந்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடுக்காயை இடித்து, வெல்லம் அல்லது கருப்பட்டியோடு ஊறப்போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரைக் கலவைக்கு விடுவது வழக்கம். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் கூடினால் எறும்பு வரும், பூசணம் பிடிக்கும், இறுகவும் தாமதமாகும். இரண்டடிக்கு இரண்டடி மாதிரிப் பூச்சு மூன்று போட்டு, ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் நாளே சுவரை நன்றாக நனைத்து வைக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அதுதான் அடுத்த பூச்சுக்கு நேரம். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் ஆகும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, மூன்று வாரம் தண்ணீர் காட்டுங்கள். அவசரப்பட்டு அடுத்தடுத்துப் பூசினால் உள்பூச்சு காற்றுப் படாமல் பச்சையாகவே நின்று, தட்டினால் 'தொப் தொப்' என்று வெறும் சத்தம் கேட்கும். கொத்தனார் "ரெண்டு கரண்டி சிமெண்ட் போட்டா சீக்கிரம் செட் ஆயிரும்" என்பார். சம்மதிக்காதீர்கள்.

முட்டை வெள்ளைக்கருப் பூச்சு எல்லாச் சுவருக்கும் தேவையா?

தேவையில்லை. கண்ணாடி போல மின்னும் அந்த மேல்பூச்சு வளவு, பட்டாலை என்ற கூடம், முகப்புத் தூண்கள் போன்ற பார்வைக்குரிய இடங்களுக்கானது. மாவாக அரைத்த சுண்ணாம்பு, வெள்ளைக்கல் தூள், முட்டை வெள்ளைக்கரு கலந்து, ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். கையளவு இடத்தைத் தேய்த்து முடித்துத்தான் அடுத்த இடத்துக்கு நகர முடியும். பழைய பூச்சு அழுக்கேறி மங்கியிருந்தால் அதன்மேல் வெள்ளையடிக்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியும் வெறும் தண்ணீரும் கொண்டு துடைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அடியில் நூறு வருடத்து மினுமினுப்பு அப்படியே இருக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகுகிறது. இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாமா?

தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுருக்கி போட்டு, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த தளம் இது. ஒழுகுவது பெரும்பாலும் தட்டோட்டின் இடுக்குகளில்தான். தளம் கெட்டுவிட்டது என்று அவசரமாகத் தீர்மானிக்க வேண்டாம்.

கான்கிரீட் போட்டால் கூடுதல் கனம், சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டாத விறைப்பு, வெயிலில் விரிந்து சுவர்த் தலையைத் தள்ளுதல் என்று மூன்று தொல்லை. பழைய தளத்தை இடிக்காமல் அதன்மேலேயே கான்கிரீட் ஊற்றுவது இன்னும் மோசம். மரக்கட்டைகள் அந்தக் கனத்துக்கானவை அல்ல.

தட்டோட்டை எடுத்துவிட்டு, சுருக்கியைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இருக்கட்டும், பொதபொதவென்றால் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் புதிதாகப் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் கட்டை துள்ளும் வரை அடிக்க வேண்டும். அதற்குப் பல நாள் ஆகும். 60-க்கு 1 என்ற சரிவு கொடுத்து, தட்டோடு இரண்டு அடுக்கு, மேல் அடுக்கின் இடுக்கு கீழ் அடுக்கின் இடுக்கின்மேல் வராமல் பதியுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையை வளைவாகப் பூசுங்கள். கோணமாக விட்டால் முதல் விரிசல் அங்கேதான் விழும்.

தேக்குக் கட்டைகளில் கரையான் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பர்மாத் தேக்கின் நடுப்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. சுவருக்குள் புதைந்து ஈரத்தில் ஊறிய முனைதான் பலவீனம். கட்டையின் நடுவில் தட்டிவிட்டு முனையிலும் தட்டுங்கள். சத்தம் மாறினால், 6 மி.மீ. துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். பொன்னிறச் சுருளாக வந்தால் நல்ல மரம், கறுத்த மாவாக வந்தால் உளுத்துவிட்டது.

முனை மட்டும் போயிருந்தால் முழுக்கட்டையையும் மாற்றாதீர்கள். கெட்ட முனையை அறுத்து, பழைய தேக்கில் புதுமுனை செய்து, சாய்வெட்டாக இணைத்து, இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வைத்து போல்ட் போடலாம். ஆசாரி வேலை தெரிந்தவர் வேண்டும். கட்டைமுனையைச் சுவரில் திரும்ப வைக்கும்போது சுற்றிலும் அரை அங்குலக் காற்றிடைவெளி விடுங்கள். சாந்தால் அடைத்தால் பழைய கதையே திரும்பும்.

தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர் மருந்து என்பது நடைமுறை. ஆத்தங்குடிக் கல் தரையில் துளை போடுவதானால் கல்லின் இணைப்பில் போடுங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் மருந்து வேண்டாம்.

குளியலறையை எங்கே வைப்பது?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். வளவைச் சுற்றியுள்ள அறைகள் இரட்டை அறைகளாக இருந்தால், உள்ளறை படுக்கைக்கு, வெளிச்சுவரை ஒட்டிய அறை குளியலறைக்கு என்று ஒதுக்குவது நல்லது. சுவர் இடிக்காமல் பழைய கதவே வழியாகிவிடும். ஒற்றை அறைகளுக்குள் திணிக்காதீர்கள். அறை எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

குழாய்க் கணக்கு இப்படி: 110 மி.மீ. கழிவுக்குழாய்க்கு 40-க்கு 1 சரிவு. கழிப்பறையிலிருந்து வெளிச்சுவர் 3 மீட்டர் என்றால் 75 மி.மீ. இறக்கம். குழாயின் விட்டமும் சேர்த்து 185 மி.மீ. ஆகிறது. ஆகவே குளியலறைத் தரையை 200 மி.மீ. உயர்த்தினால் பழைய தரையைத் தோண்டாமலே குழாய் ஓடும். பழைய தரைமேல் கனத்த பாலிதீன் விரித்து, அதன்மேல் மேடையை எழுப்புங்கள். நாளைக்கு யாராவது குளியலறையை எடுத்துவிட நினைத்தால் பழைய தரை அடியில் பத்திரமாக இருக்கும். தூரம் 3 மீட்டருக்கு மேல் போகப் போக மேடை உயர்ந்து, ஏறி இறங்கவே இடைஞ்சலாகும். அப்படிப்பட்ட அறையைக் குளியலறைக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பழைய சுவரில் டைல்ஸ் ஒட்டாதீர்கள். சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி இரும்புச் சட்டம் நிறுத்தி, சிமெண்ட் ஃபைபர் பலகை அடித்து, அதில் டைல்ஸ் ஒட்டுங்கள். இடைவெளியின் மேலும் கீழும் காற்று போக வழி இருக்கட்டும். குழாய்கள் இந்த இடைவெளியில் ஓடும், பழைய சுவரைக் கொத்த வேண்டியதில்லை. ஒரு மூலையில் ஓரடிச் சதுரத்தில் திறக்கும் பலகை வையுங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன், நீர் போகும் வாயை அடைத்து 5 செ.மீ. தண்ணீரை 48 மணி நேரம் கட்டி வையுங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. மாடியில், மெட்ராஸ் டெரஸ் தளத்தின்மேல் குளியலறை கூடவே கூடாது என்பது எங்கள் கருத்து. கீழே தேக்குக் கட்டைகள் இருக்கின்றன. கசிவு வெளியே தெரிய வருவதற்குள் முனைகள் உளுத்திருக்கும். மாடி அறைகளுக்குக் குளியலறை வேண்டுமென்றால், பின்பக்கத்தில் தனித் தூண்களில் நிற்கும் புது இணைப்பு கட்டி, கதவு வழியே சேருங்கள்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? கழிவுநீரை என்ன செய்வது?

விடுதியில் ஒரு படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர், உணவுக்கூடத்தில் ஓர் இருக்கைக்கு 70 லிட்டர், வேலையாளுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. 12 அறையில் 24 படுக்கை, 30 இருக்கை, 15 வேலையாள் என்றால் 4,320, 2,100, 675. மொத்தம் ஏறத்தாழ 7,100 லிட்டர். இதில் எண்பது சதவீதம் கழிவுநீராகும். 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஐந்து டன் கனம். அதைப் பழைய மாடியில் ஏற்றாதீர்கள், பின்கட்டுக்கு வெளியே தனித் தாங்கி கட்டுங்கள். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். முற்றத்து மழைநீரைப் பழைய வடிகால் வழியே கிணற்றுக்கோ ஊருணிக்கோ அனுப்பும் அமைப்பு பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. புதுக் குழாய் போடும் முன் அதைத் தேடித் தூர்வாருங்கள்.

முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி ஏசி வைக்கலாமா?

வேண்டாம். சூடான காற்று மேலே போவதும் வளவுக்குள் வெளிச்சம் விழுவதும் முற்றத்தால்தான். மூடினால் உள்ளே வெக்கை தேங்கும், மேல்தளக் கட்டைகளில் வியர்வை போல நீர் துளிர்க்கும். குரங்கும் புறாவும் தொல்லை என்றால் மெல்லிய கம்பிவலை போதும். மழையில் முற்றம் நனையட்டும். விருந்தினர்கள் அதைப் பார்க்கவும்தான் வருகிறார்கள்.

மின்சாரம், ஏசி எப்படி?

12 அறைக்கு ஏசி 18 கிலோவாட், தனித்தனி வெந்நீர்க் கலன் 24 கிலோவாட் என்று சுமை ஏறிவிடும். பின்கட்டில் பொதுவான சூரிய வெந்நீர் அமைப்பு வைத்தால் பின்னதை வெகுவாகக் குறைக்கலாம். சுவரைக் கொத்தி பைப் புதைக்காதீர்கள். சுவர்மேல் விளிம்புப் பட்டையின் தலையிலும், பழைய மரப்பட்டை வயரிங் ஓடிய தடத்திலும் புது வயரை ஓட்டலாம். மூன்று முனை மின்சாரம், நல்ல எர்த்திங், அறைக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். ஏசியின் நீர்க்குழாயைச் சுவரோரம் விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. ஓர் இரவில் பல லிட்டர் சொட்டி, ஒரே பருவத்தில் பூச்சு போய்விடும். அதை வடிகால் வரை கொண்டுபோங்கள்.

ஆத்தங்குடித் தரையை எப்படிப் பராமரிப்பது?

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி பட்ட முகம்தான் அந்த வழவழப்பு. ஆகவே மெஷின் வைத்துத் தேய்த்தால் வண்ண அடுக்கே போய்விடும். ஆசிட், கழிப்பறைத் திரவம், எலுமிச்சை ஆகாது. வெறும் தண்ணீர்த் துடைப்பு, எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்த் துணி போதும். நடக்க நடக்க மெருகேறும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் குளியலறைக்கு இது ஏற்றதல்ல. உடைந்த கல்லுக்கு ஆத்தங்குடியிலேயே அதே அச்சில் செய்து வாங்கலாம். புதுக்கல் பளிச்சென்று தெரியும் என்பதால், ஒரு மூலை அறையின் பழைய கற்களை எடுத்து வளவில் பொருத்திவிட்டு, புதுக்கல்லை மூலை அறையில் பதியுங்கள்.

பழைய தூண், கதவுகளைக் காரைக்குடியில் வாங்கிச் சேர்க்கலாமா?

காணாமல் போன ஒன்றுக்கு ஈடாக, அளவும் காலமும் பொருந்தினால் வாங்கலாம். அலங்காரத்துக்காக வாங்க வேண்டாம். அங்கே நிற்கும் ஒவ்வொரு தூணும் ஒரு வீட்டை இடித்து வந்தது. கேட்பவர் பெருகினால் இடிப்பவரும் பெருகுவார்.

முகப்புச் சுதை உருவங்களுக்கு என்ன வண்ணம்?

கஜலட்சுமி உருவத்துக்கு மனதில் தோன்றிய வண்ணத்தை அடிக்கும் முன், மறைவான இடத்தில் தீப்பெட்டி அளவு இடத்தை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் முதல் வண்ணம் தெரியும். அதையே சுண்ணாம்பு சார்ந்த வண்ணத்தில் மீட்டெடுங்கள். எனாமல் பெயிண்ட் அடித்தால் உருவத்தின் மூக்கும் விரலும் மொழுக்கையாகிவிடும்.

தீ விபத்துக்கு என்ன ஏற்பாடு?

இந்த வீடுகளுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே நேர்கோட்டில் வழி. அந்த வழியில் சோபா, பூந்தொட்டி எதையும் போட்டு மறிக்காதீர்கள். பின்கதவுக்கு இரவில் உட்புறத்திலிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ் மட்டுமே இருக்க வேண்டும். மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும் என்பதால் மாடியில் அறைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒரு தீயணைப்பான், எல்லா அறையிலும் புகை உணரி. எரிவாயு உருளைகளைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். அறைக் கதவுகளில் புதுப் பூட்டுக்காகத் துளை போட வேண்டியதில்லை, பழைய கொண்டியும் நாதாங்கியும் பூட்டுத் தொங்கவிட ஏற்றவை. விருந்தினர் உள்ளே இருக்கும்போது வெளிக்கொண்டியை யாரும் போட்டுவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதி திறந்த பிறகு என்ன பராமரிப்பு?

ஆவணியில் ஓடு மாற்றி, மூலைத் தகரமும் தாழ்வாரமும் சுத்தம் செய்ய ஆள் ஏற வேண்டும். ஓட்டின்மேல் நேராக மிதிக்காமல் பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள். பார்க்கப் போனவர் கால்பட்டு உடைந்த ஓடுகளே அடுத்த மழையில் ஒழுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரையான் சோதனை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு. மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் போதும்.

குளியலறை மூலையில் விட்ட அந்த ஓரடிப் பலகையை மாதம் ஒருமுறை திறந்து, உள்ளே கையை விட்டுப் பழைய சுவரைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். சுவர் சில்லென்று இருந்தால் அன்றைக்கே அந்த அறையை மூடிவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டும், முன்பதிவு இருந்தாலும் சரி.